இடப்பக்கம் வருகிற ஆள்

பிப்ரவரி 3

என் ஊசிக்கு,

பாட்டி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால்தான் நன்றாக இல்லை, ஆனால் அது என் பேச்சைக் கேட்டே வெகுகாலம் ஆகிறது, அதை விட்டுவிடு. உன் அம்மா நன்றாக இருக்கிறாள். லாட்ஜ் சலவைக் கூடத்தில் வெள்ளைப் போர்வையாக மடித்து மடித்து, வீட்டிலும் எதைக் கண்டாலும் மடிக்கிறாள். நேற்று நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரைப் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டாள்.

நீ அனுப்பிய கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு கடையில் ஒரு சட்டைக்கு முதல் பட்டன் காஜா எடுத்தேன். நூலைக் கோர்க்க டெய்லர் தம்பியைக் கூப்பிடவில்லை. அவன் சொல்கிறான், "பாட்டிக்கு இனிமே ஊசிக்காது மட்டுமில்ல, ஊர் வம்பும் நல்லாத் தெரியும்." சொல்லிக்கொள்ளட்டும். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பேத்தி அவனுக்கு இருக்கிறாளா?

உன் போன கடிதத்தைக் கடையில் வைத்துதான் படித்தேன். எனக்கு மனசுக்குள் படிக்க வராது என்று உனக்குத் தெரியும். எங்கள் அஞ்சாங்கிளாஸ் டீச்சர் எல்லாரையும் சத்தம் போட்டே படிக்க வைத்தாள், அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. வாய் சொன்னால்தான் காது கேட்கும், காது கேட்டால்தான் என் புத்திக்கு எட்டும். நான் படிக்கப் படிக்க டெய்லர் தம்பி மிஷினை நிறுத்திவிட்டான். அவன் பெண்டாட்டி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டாள். பேண்ட்டுக்கு மடிப்பு அடிக்க வந்த பேங்க் வாட்ச்மேன் கூட உட்கார்ந்து கேட்டார். உனக்குப் பச்சை பெல்ட்டுக்குத் தேர்வு வருகிறது என்ற இடம் வந்ததும் அவர் சொன்னார், "பேத்தி கராத்தேயா? அப்ப பட்டன் கோணலா இருக்குன்னு பாட்டிகிட்ட சொல்லவே பயமா இருக்கே." எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அன்றைக்கு முழுக்க முழங்கால் வலிக்கவே இல்லை.

தேர்வுக்கு நான் வருகிறேன். நான் மட்டும் இல்லை, டெய்லர் தம்பி, அவன் பெண்டாட்டி, வாட்ச்மேன், எல்லாரும் வருகிறோம். அன்று கடைக்கு லீவு. நாலு பேர் கண் முன்னால் நீ ஒருத்தியைத் தூக்கிப் போடுவதை இவர்கள் பார்க்க வேண்டும். யாரைப் போடப் போகிறாய், உன்னைவிடப் பெரியவளா, முன்கூட்டியே எழுது. நான் சொல்லிவைக்க வேண்டும்.

கூச்சப்படாதே. உனக்குச் சின்னதிலிருந்தே கூச்சம் ஜாஸ்தி. நான்தான் உன்னை நாலு பேர் முன்னால் நிறுத்தி நிறுத்தி அதைப் போக்கினேன்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி தலைமாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னைத் தவிரப் பெருமைப்பட வேறு ஒன்றும் இல்லாத
பாட்டி


பிப்ரவரி 11

அன்புள்ள பாட்டிக்கு,

கண்ணாடி சரியாக உட்கார்ந்ததில் சந்தோஷம். மூக்கில் அழுத்தினால் சொல், அந்தச் சின்ன ரப்பரை மாற்றி அனுப்புகிறேன். கழற்றி வைக்கும்போது கண்ணாடி மேலே பார்க்கும்படி வை, கவிழ்த்து வைக்காதே. நூறு பேருக்குச் சொல்கிற பேச்சை உனக்கும் ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

இங்கே எல்லாம் வழக்கம் போலத்தான். பகல் முழுக்க லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிறேன். கையெல்லாம் வெள்ளைத் தூள். ஆறு மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு கராத்தே வகுப்புக்கு ஓடுகிறேன். வகுப்பு ஒரு சைக்கிள் கடை மாடியில். மேலே நாங்கள் கால் வைத்தால் கீழே கடைக்காரர் தலையில் சுண்ணாம்பு கொட்டுகிறதாம். மாதத்துக்கு ஒரு முறை ஏறி வந்து கத்திவிட்டுப் போவார். எங்கள் மாஸ்டரம்மா அவருக்கும் ஒரு தடவை குனிந்து வணக்கம் சொல்வார். கடைக்காரர் இன்னும் கோபமாகிவிடுவார்.

தேர்வைப் பற்றி நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் யாரையும் தூக்கிப் போடப் போவதில்லை. எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். அதற்குக் கட்டா என்று பெயர். கூடத்தின் நடுவில் நான் மட்டும் நிற்பேன். இடப்பக்கம் திரும்பித் தடுப்பேன், முன்னால் போய்க் குத்துவேன், பின்னால் திரும்புவேன், எந்த அடிக்குப் பிறகு எந்த அடி என்று வரிசை மாறாமல் செய்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பேன். இடம் ஓரடி தள்ளிப்போனால்கூட நடுவில் எங்கோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். எந்த வாத்தியாரும் புதிதாக இதில் ஒன்றைச் சேர்ப்பதில்லை. ஒரு காலத்தில் யாரோ ஒருவரை யாரோ இப்படிப் பிடித்திருக்கிறார்கள், அவர் இப்படித் தப்பித்திருக்கிறார். அது மறந்துபோகாமல் இருக்க உடம்புக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.

இது என்ன கூத்து என்று நினைக்காதே. நீ பட்டன் தைக்கும்போது சட்டைக்குள் ஆளா இருக்கிறார்? ஆனாலும் கழுத்துப் பட்டன் எங்கே வர வேண்டும் என்று உன் கைக்குத் தெரியும். அப்படித்தான் இதுவும்.

வருவதாக இருந்தால் நீ மட்டும் வா, பாட்டி. கூட்டம் வேண்டாம். தோற்றுவிடுவேன் என்ற பயம் இல்லை. சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே, என் கடிதத்தையெல்லாம் கடையில் படித்துத்தான் ஆக வேண்டுமா? எழுதும்போதே வாட்ச்மேன் முகம் கண் முன்னால் வந்து நிற்கிறது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

உன்
ஊசி


பிப்ரவரி 19

என் ஊசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருக்கலாம்.

நான் என்ன சொல்லி வைத்திருந்தேன், நீ என்ன எழுதியிருக்கிறாய். நான் ஊரைக் கூட்டி உட்கார வைத்துக்கொண்டு படித்தால், எதிரில் ஆளே கிடையாது என்று வருகிறது. வாட்ச்மேன் கேட்கிறார், "காத்தோட சண்டையா பாட்டி? அப்ப ஜெயிக்கிறது யாரு, பேத்தியா ஃபேனா?" டெய்லர் பெண்டாட்டி, அவளுக்கு வாய் எப்போதுமே ரெண்டு இஞ்ச் நீளம், "ஆளே இல்லாம கையக் கால ஆட்டினா அதுக்குப் பேரு டான்ஸ் இல்லையா?" என்கிறாள். நான் விடவில்லை. நீ எழுதின சட்டைக் கதையைச் சொன்னேன். "நீ அயர்ன் பண்ற சட்டைக்குள்ள ஆளாடி இருக்கான்?" என்று கேட்டேன். அவள் வாயை மூடினாள். ஆனால் டெய்லர் தம்பி, அவன் கிண்டல் பண்ணுகிறவன் இல்லை, நிஜமாகவே யோசித்துவிட்டுக் கேட்டான்: "அதுல்ல பாட்டி, சட்டைன்னா அளவு குடுத்த ஆளு ஒருத்தர் இருக்காருல்ல? நாளைக்கு வந்து வாங்கிப்பாருல்ல? பாப்பா தடுக்குதே, அது யாரைத் தடுக்குது? அளவு யாரோடது?"

கடைக்குள் வைத்து எனக்குப் பதில் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை.

அதனால் விவரமாக எழுது. இடப்பக்கம் திரும்பித் தடுப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, அங்கே வருகிறது யார்? ஆம்பளையா, பொம்பளையா, கத்தி வைத்திருக்கிறானா? மொட்டையாக எழுதாதே. நான் இவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் உங்கள் மாஸ்டரம்மாவுக்கே நான் ஒரு கடிதம் போட்டு, என் பேத்திக்கு எதிரில் ஒரு ஆளைக் கொடுங்கள் என்று கேட்டுவிடுவேன்.

கடையில் படிக்காதே என்கிறாய். உன்னைப் பெருமையாகச் சொல்லாமல் நான் வேறு எதைச் சொல்ல? இருபது வருஷமாகப் பட்டன் தைத்தேன் என்றா?

கொஞ்சம் கோபம்தான். சாப்பிட்டாயா என்று கேட்காமல் முடிக்க மனசு வரவில்லை. சாப்பிட்டாயா?

பாட்டி


மார்ச் 1

பாட்டிக்கு,

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தைக் கடையில் படிக்காதே. வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு படி.

நீ கேட்டதால்தான் எழுதுகிறேன். கேட்காமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா, தெரியவில்லை.

கட்டாவின் முதல் அசைவு இதுதான். நேராக நிற்கிறோம். சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறோம். இடது கை வலது தோளிலிருந்து இறங்கி வந்து இடது தொடைக்கு மேலே நிற்கிறது. கீழே வருகிற எதையோ தட்டிவிடுகிறது. எங்கள் கட்டாக்கள் எல்லாமே தடுப்பில்தான் தொடங்கும், அடியில் தொடங்காது. முதலில் கை ஓங்குகிறவள் எங்கள் மாஸ்டருக்கு மாணவியே இல்லை.

என் தடுப்பு மட்டும் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. "கை வருது, ஆள் வரலையே" என்பார். "யாரும் இல்லாத இடத்துல கைய வீசினா அது கட்டா இல்ல, ஈ ஓட்டுறது. அங்க ஒருத்தர நிறுத்து. உனக்குத் தெரிஞ்ச ஆளா நிறுத்து." உங்கள் டெய்லர் கேட்டாரே, அளவு யாருடையது என்று, அதே கேள்விதான். நானும் யார் யாரையோ கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன். பஸ்ஸில் வேண்டுமென்றே இடிக்கிறவனை நிறுத்தினேன். ஃபிரேம் உடைந்ததற்கு என்னைத் திட்டிய வாடிக்கையாளரை நிறுத்தினேன். யாரும் நிற்கவில்லை. கை இறங்குவதற்கு முன்பே போய்விட்டார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் அலுப்பில் எதையும் நினைக்காமல் திரும்பினேன். கை தானாக இறங்கியது. மணிக்கட்டில் ஏதோ பட்டது போலவே இருந்தது. குனிந்து பார்த்தேன். ஒரு கை. நகம் தடித்த கை. ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன புள்ளி. அது என் தொடையைத் தேடி வந்துகொண்டிருந்தது.

உன் கை, பாட்டி.

உனக்கு ஞாபகம் இருக்காது. பள்ளிக்கூடம் விட்டதும் உன்னிடம் கடைக்குத்தான் வருவேன். நீ உட்காரும் பலகையில் உன் பக்கத்தில் என்னை உட்கார வைப்பாய். நம் இரண்டு பேர் மடியிலும் தைக்க வேண்டிய சட்டைகள் கிடக்கும். யாராவது வந்தால், "என் பேத்தி இங்கிலீஷ்ல பாட்டுப் பாடுவா, கேளுங்க" என்பாய். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீ அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பாய். சட்டைகளுக்கு அடியில் உன் கை வரும். கிள்ளுவாய். விடமாட்டாய். நான் பாடத் தொடங்கினால்தான் விடுவாய். நான் பாடுவேன். எல்லாரும் கை தட்டுவார்கள். "பாட்டி வளர்ப்புன்னா வளர்ப்பு" என்பார்கள். வீட்டுக்குப் போகிற வழியில், "அம்மா கேட்டா எறும்பு கடிச்சுதுன்னு சொல்லு" என்பாய். நான் எறும்பு என்று சொல்வேன். எத்தனை எறும்பு, பாட்டி.

அன்றைக்கு மாஸ்டர் வகுப்பை நிறுத்தி, "எல்லாரும் இங்க பாருங்க, இப்பதான் ஆள் வந்திருக்கு" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பழைய மாதிரியே. நான் கீழே இறங்கிப்போய் சைக்கிள் கடைக்குப் பின்னால் நின்றேன்.

என்னை வளர்த்தவள் கையைத் தட்டிவிட்டுப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். அதைவிட வெட்கம், அன்றிலிருந்து என் தடுப்பு உண்மையாகவே நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் நீ வருகிறாய். ஒவ்வொரு நாளும் தட்டிவிடுகிறேன். பிறகு ஹாஸ்டலுக்கு வந்து உனக்கு 'அன்புள்ள பாட்டிக்கு' என்று எழுதுகிறேன். இரண்டும் பொய் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

உன்னை அங்கிருந்து எடுத்துவிட்டு வேறு யாரையாவது நிறுத்தட்டுமா? நீ சொன்னால் செய்கிறேன்.

ஊசி


மார்ச் 6

பெரிய மனுஷி அவர்களுக்கு,

கடையில் படிக்காதே என்று எழுதியிருந்தாய். அதையும் கடையில்தான் படித்தேன். படித்தால்தானே தெரியும்? எல்லாரும் சிரித்தார்கள். "பாட்டி, மாப்பிள்ளை பார்த்துட்டாபோல, படிங்க படிங்க" என்றாள் டெய்லர் பெண்டாட்டி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படி இருந்தால் இவர்கள் காதில் முதலில் விழட்டுமே என்று படித்துக்கொண்டே போனேன்.

நிறுத்த முடியவில்லை. எனக்கு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும், உனக்கே தெரியும். வாய் சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிகிறது. 'உன் கை, பாட்டி' என்பதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் பாட்டுதான் வருகிறது என்று நினைத்து, நல்ல விஷயம் வரும் என்று நினைத்து, எறும்பு வரைக்கும் படித்துவிட்டேன்.

யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். டெய்லர் தம்பி மிஷினை ஓட்டத் தொடங்கினான். ஊசியில் நூலே இல்லை. வெறும் மிஷினை ஓட்டினான். வாட்ச்மேன் பேண்ட்டை வாங்காமலே எழுந்து போனார்.

உனக்குத் திருப்தியா? நான் சட்டைக்கு அடியில் கிள்ளினேன். நீ எல்லார் முன்னாலும் வைத்துக் கிள்ளிவிட்டாய்.

யார் வீட்டில் கிள்ளவில்லை? கிள்ளாமல் வளர்ந்த பிள்ளை எது? நான் கிள்ளாமல் விட்டிருந்தால் நீ இன்றைக்கு நாலு பேர் நடுவில் நின்று கையை ஆட்டுவாயா? உன் கண்ணாடிக் கடையில் வாயைத் திறந்து பேசுவாயா? ஒரு தடவை உனக்குக் காய்ச்சல் வந்தபோது ராத்திரி முழுக்க ஈரத்துணி மாற்றியதும் இதே கைதான். அந்தக் கை உன் கட்டாவில் வரவில்லையா?

தேர்வுக்கு நான் வரவில்லை. அங்கே நிற்க யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்.

பாட்டி


மார்ச் 12

பாட்டிக்கு,

கடையில் எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. உனக்கு அப்படி ஆக வேண்டும் என்று நான் எழுதவில்லை. அது நடந்ததற்கு வருந்துகிறேன்.

எழுதியதற்கு வருந்தவில்லை. எத்தனை தடவை யோசித்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

ஈரத்துணி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதைத் தடுக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை, பாட்டி. அதனால்தான் கட்டாவில் வரவில்லை.

தேர்வு இந்த மாதக் கடைசி ஞாயிறு, காலை பத்து மணிக்கு. சைக்கிள் கடை மாடி. வராவிட்டால் பரவாயில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

ஊசி


ஏப்ரல் 2

ஊசிக்கு,

இத்தனை நாள் பதில் போடவில்லை. கடைக்கும் சில நாள் போகவில்லை. முழங்கால் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு போனேன். டெய்லர் பெண்டாட்டி எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவள் என்றைக்கும் ஊற்றிக் கொடுத்ததில்லை. அதைக் குடிப்பதற்குள் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. வாட்ச்மேன் வந்தால் நான் சட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைக்கிறேன்.

உன் மார்ச் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். கதவைச் சாத்தினேன். ஆனால் வாய் சும்மா இருக்காதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கடையில் பட்டனைக் கையில் வைத்துக்கொள்ள முடியாதபோது உதட்டில் கவ்விக்கொள்வோம் இல்லையா, அப்படி ஒரு பட்டனை உதட்டில் கவ்விக்கொண்டு படித்தேன். வாய் அசையவில்லை. முதலில் ஒன்றும் புரியவில்லை, எழுத்து எழுத்தாகத்தான் நின்றது. மறுபடி படித்தேன். அப்புறம் மெதுவாக, காது கேட்காமலே உள்ளே போயிற்று. ஈரத்துணியைப் பற்றி நீ எழுதியது அப்படித்தான் உள்ளே போயிற்று. சத்தமாகப் படித்திருந்தால் அதற்கும் ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

இருந்தாலும் அப்போதும் எனக்குக் கோபம் தீரவில்லை. பொய் சொல்ல மாட்டேன். உன் அம்மா வேலையிலிருந்து வந்ததும் அவளிடம் நியாயம் கேட்டேன். நான் பெற்ற மகள், எனக்காகப் பேசுவாள் என்று நினைத்தேன். "உம்பொண்ணு என்ன எழுதியிருக்கா பார்த்தியா? ரெண்டு கிள்ளு கிள்ளினேனாம், அத மனசுல வச்சிருக்கா. உங்கிட்ட எறும்புன்னு சொல்லச் சொன்னேனாம்" என்றேன். அவள் கொடியிலிருந்து எடுத்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எனக்கும் அந்த எறும்புதாம்மா கடிச்சுது" என்றாள்.

அவ்வளவுதான். குரலில் ஒன்றும் இல்லை. "அந்த முனையப் பிடிம்மா" என்றாள். நான் போர்வையின் அந்த முனையைப் பிடித்தேன். அவள் இந்த முனையைப் பிடித்தாள். மடித்தோம். மடிக்க மடிக்கப் பக்கத்தில் வர வேண்டுமே, வந்தோம். என் கையில் இருந்த முனையை வாங்கும்போது அவள் என் விரலைத் தொடாமல் வாங்கினாள். இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் வாங்கிக்கொண்டு இருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதனால்தான் உன் தேர்வுக்கு வந்தேன்.

நீ பார்த்தாய், எனக்குத் தெரியும். யாரையும் கூட்டி வரவில்லை. விடியற்காலை பஸ். கடையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொன்னேன், அது ஒரு பொய், இருக்கட்டும். சைக்கிள் கடைக்காரர் என் முழங்காலைப் பார்த்துவிட்டுக் கைப்பிடித்து மேலே ஏற்றிவிட்டார். "உங்க பிள்ளைங்க என் கூரைய ஒரு நாள் இடிச்சிரும்மா" என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார். செருப்பு விடுகிற இடத்தில், மற்ற அம்மா அப்பாக்களுக்குப் பின்னால் நின்றேன். உதட்டில் பட்டன் இருந்தது. வாயைத் திறந்தால் அது என் பேத்தி என்று சொல்லிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

நீ நடுவில் வந்து நின்றாய். இவ்வளவு உயரமாகிவிட்டாய். குனிந்தாய். நிமிரும்போது வாசல் பக்கம் உன் கண் வந்தது, என் மேல் நின்றது. பிறகு இடப்பக்கம் திரும்பினாய், கை இறங்கியது.

நான் அஞ்சாங்கிளாஸ்தான். கட்டா எனக்குத் தெரியாது. ஆனால் இறுக்கிக் கட்டின பட்டனும் சும்மா சுற்றி விட்ட பட்டனும் தூரத்தில் இருந்தே எனக்குத் தெரியும். அந்தக் கை சும்மா இறங்கிய கை. என்னைப் பார்த்துவிட்டதால் நீ என் மேல் படாமல் இறக்கினாய்.

மாஸ்டரம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. "நிறுத்து. மறுபடியும் முதல்லேருந்து" என்றார். "அங்க யாரும் இல்லாத மாதிரி பண்றே."

உன் முகம் சிவந்துவிட்டது. அந்த முகம் எனக்குத் தெரியும். பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, வந்தவர்களைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிற முகம். அப்போதெல்லாம் அந்த முகத்தைப் பார்த்தால் என் கை போகும். அன்றைக்கும் போயிற்று, ஊசி. அங்கே வாசலில் நிற்கும்போதே என் விரல் ரெண்டும் சேர்ந்துவிட்டது. அதைப் பார்த்தேன். என் கண்ணாலேயே பார்த்தேன், நீ வாங்கிக் கொடுத்த கண்ணாடி போட்டுக்கொண்டு.

அதற்கப்புறம் நான் செய்தது சரியா தப்பா தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கெல்லாம் பின்னால் நடந்து, உன் இடப்பக்கத்துச் சுவர் ஓரம் போய் நின்றேன். ஒரு அப்பா, "எங்கம்மா போறீங்க, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. அங்கேதானே நான் வருகிற இடம். கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, உனக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி நின்றேன். வேறு யாரையாவது நிறுத்தட்டுமா என்று கேட்டிருந்தாயே. அதற்கு இதுதான் என் பதில். வேண்டாம். அந்த அடியை வேறு யாரோ ஏன் வாங்க வேண்டும்?

நீ திரும்பினாய். என்னைப் பார்த்தாய். உன் கண் நகரவில்லை. கை இறங்கியது. உன் சட்டைக் கை காற்றில் அடித்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. நம்மிடையே பத்தடி இருக்கும். ஆனாலும் என் மணிக்கட்டு வலித்தது. நான் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி மங்கிவிட்டது. முடிவில் நீ புறப்பட்ட இடத்திலேயே நின்றாய் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு அடிகூடத் தள்ளவில்லை. நீ குனிந்தது யாருக்கு என்று கேட்க மாட்டேன்.

உன்னை வந்து பார்க்காமல் கிளம்பிவிட்டேன். பார்க்க என்னிடம் முகம் இல்லை. வாசலில் மாஸ்டரம்மா நின்றுகொண்டிருந்தார். "நீங்க யாரும்மா? யாரோட வீட்லேருந்து?" என்று கேட்டார். எத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்திருப்பேன், சொல். உதட்டிலிருந்து பட்டனை எடுத்தேன். என் பேத்தி என்றுதான் வாயில் வந்தது. அதைச் சொல்லவில்லை.

"நான் இடப்பக்கம் வர்ற ஆளும்மா" என்றேன்.

மாஸ்டரம்மா சிரிக்கவில்லை. கையைத் தொடையோடு சேர்த்து வைத்துக்கொண்டு, உங்களுக்கெல்லாம் குனிகிற மாதிரியே எனக்குக் குனிந்தார். எனக்கு அப்படிக் குனியத் தெரியாது. செருப்பைத் தேடுகிறவள் போல நானும் குனிந்தேன். செருப்பு எதிரிலேயேதான் இருந்தது.

பச்சை பெல்ட் கிடைத்தது என்று உன் அம்மாவிடம் நீ சொன்னாயாம். கடையில் நான் சொல்லவில்லை. டெய்லர் தம்பிதான் கேட்டான், "பாட்டி, பாப்பா தேர்வு என்னாச்சு?" என்று. "அவகிட்டதான் கேக்கணும்" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அன்று அவன் கேட்டானே, அளவு யாருடையது என்று, அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டேன். "என்னோடதுதான் தம்பி" என்றேன். தலையை ஆட்டிவிட்டு நூலைக் கோர்த்துக்கொண்டான்.

எழுத வேண்டும் என்று உனக்கே தோன்றினால் எழுது. எனக்காக எழுதாதே. பட்டனைக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எறும்பு இல்லை,
உன் பாட்டி